ஏழாவது படி

அத்தியாயம் 11

சென்ற வாரம் மச்சானின் படத்துக்குப் பிரேம் போட்டு முடித்துவிட்டு, எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். தட்டிய அந்தக் கையை இந்த வாரம் எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாலு வரி. நான் பிரேம் கடைக்காரன். கல்யாணப் போட்டோ, படிப்புச் சான்றிதழ், குழந்தையின் முதல் கிறுக்கல், எதைக் கொண்டுவந்தாலும் சுற்றி மரம், முன்னால் கண்ணாடி, பின்னால் அட்டை என்று போட்டு அனுப்பிவைப்பேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தண்ணீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் குழாய் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். பதினாலு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி, முறையில் எனக்கு அக்கா, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து மச்சான் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

அப்படிப்பட்டவர் நூலக மாடியில் நடக்கும் ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே இருக்கும் பழைய தேவாலயத்தை வரைந்தார். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, குழந்தையைத் தூக்கி வருவது போல என் கடைக்கு எடுத்து வந்தார்.

"மாப்ளே, பத்திரம்" என்றார். அன்றைய தீப்பெட்டி அதோடு காலி.

நானும் பத்திரமாகத்தான் செய்தேன். தையல்காரர் ஒருவர் சொல்லி வைத்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று விட்டுப்போன தேக்கு பிரேம் ஒன்று கையில் இருந்தது. ராஜா மாதிரி பிரேம். படம்தான் அதைவிட மூன்று விரல்கடை உயரம் அதிகம். கீழ் ஓரத்தில் தூரிகை துடைத்த கறை மாதிரி ஏதோ இருந்தது. வர்ணம் போடுகிறவர்கள் ஓரத்தில் தூரிகையைத் தொட்டுப் பார்ப்பதும், பிரேம்காரன் அதை வெட்டி எடுப்பதும் எங்கள் தொழிலில் வழக்கம். கட்டரை வைத்து ஒரே இழுப்பு. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி படம் உள்ளே போய் உட்கார்ந்தது.

சென்ற வாரம் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். நீங்களும் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். இந்த வாரம் முழுக்க அந்த ஒரு வரிதான்.

*

"ரெண்டே நிமிஷம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள் மனைவி, காலையில் ஓவிய வகுப்பின் கண்காட்சிக்குக் கிளம்பும்போது என் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டே.

"செயலாளர் அம்மாதான் பேசச் சொல்லிருக்காங்க."

"அவங்களுக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"போன கல்யாணத்துல அப்பா மைக்கைப் புடிச்சாரே" என்றாள் மகள், செருப்பை மாட்டிக்கொண்டு. "இவர் முடிக்கறதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளையே சாப்பிட்டுக் கை கழுவிட்டாங்க."

மகள் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டும் தலைப்புச் சீட்டையெல்லாம் அவள்தான் அடித்துக் கொடுத்திருந்தாள். ஆக, குடும்பமாகவே கலைக்குத் தொண்டு செய்யக் கிளம்பினோம்.

நூலக மாடியில் பதினெட்டுப் படங்கள். அதில் பதினொன்று பூச்சாடி. ஒரு குதிரை இருந்தது, அதற்கு ஐந்து கால். ஐந்தாவது வால்தான் என்று வரைந்தவரே பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மச்சானின் படம் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தொங்கியது. சொந்தக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, அதன் முன்னால் மட்டும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

வெள்ளையடித்துப் பல வருஷமான தேவாலயச் சுவர். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல். உதிரக் காத்திருக்கும் இடத்தில் லேசாக ஒரு சாம்பல் வீக்கம், விரல் வைத்தால் பொலபொலவென்று வந்துவிடும் போல. மணிக்கூண்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது, நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவரின் கழுத்து வலி அதில் தெரிந்தது. நீலக் கதவில் கைப்பிடியைச் சுற்றி மட்டும் நிறம் தேய்ந்திருந்தது. மழைத்தண்ணீர்க் குழாய் ஒன்று கூரையிலிருந்து சுவரோடு இறங்கியது. ஒரு குழாய்க்கு இவ்வளவு மரியாதை கொடுத்து நான் எங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஈரம் கசிந்து பாசி பிடித்த பச்சை. எந்த இணைப்பு எத்தனை வருஷமாக ஒழுகுகிறது என்று கூட மச்சான் சொல்லிவிடுவார்.

மச்சான் கடைசி வரிசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். படம் என் கடையிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டதால், சட்டத்துக்குள் போன பிறகு அவர் தன் படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவே இல்லை. கூட்டம் விலகட்டும் என்று காத்திருந்தார்.

செயலாளர் அம்மா மைக்கை என்னிடம் கொடுத்தார். பாவம்.

"எல்லாரும் இந்தப் படத்தைப் பாருங்க" என்று ஆரம்பித்தேன். "மின்கம்பியோட நிழல் சுவத்துல விழுந்திருக்கே, அது எங்க போகுது? கீழ. குழாய் எங்க போகுது? அதுவும் கீழ. படியெல்லாம் நம்ம கையைப் புடிச்சு ஒண்ணொண்ணா இறக்கிக் கூட்டிட்டுப் போகுது. இறங்கி எங்க போய் நிக்கிறோம்? ஒண்ணுமே இல்லாத இடத்துல! ஒரு மனுஷன் கிடையாது, ஒரு நாய் கிடையாது. ஆறு படி, ஆறும் காலி. அந்த வெறுமைதாங்க இந்தப் படம். இதுல ஒரு ஆளைக் கொண்டுவந்து வச்சிருந்தா மொத்தமும் கெட்டுப் போயிருக்கும்!"

கைதட்டல். மனைவியின் முகத்தில் கூட லேசாக ஒரு பெருமை. ஒன்றரை நிமிடத்தில் முடித்திருந்தேனே.

பின்னால் மச்சான் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"மாப்ளே, படி எத்தனை?"

"ஆறு, மச்சான்."

"ஏழு."

கூட்டம் சிரித்தது. நானும் விடுவேனா? "முப்பது வருஷம் குழாயை எண்ணுன பழக்கம், விட மாட்டேங்குது" என்றேன் மைக்கில். இன்னும் பெரிய சிரிப்பு. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

மச்சான் எழுந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. படத்துக்கு முன்னால் நின்று, கண்ணாடி மேல் விரல் வைத்து, மேலிருந்து ஒவ்வொரு படியாகத் தொட்டார். ஆறாவது படிக்குப் பிறகு விரல் தேக்குமரத்தின் மேல் போய் நின்றது.

பிறகு கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியில் பட்ட தன் விரல் தடத்தைத் துடைத்தார்.

"நல்லாப் பேசுனீங்க, மாப்ளே" என்றார்.

போய்விட்டார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. இருபத்திரண்டு படி. அன்றைக்கு முதல் முறையாக நானும் எண்ணினேன்.

"அப்பா, கொஞ்சம் வாங்க."

மகள் ஜன்னல் ஓரத்தில் நின்றாள். கையில் போன். "தலைப்புச் சீட்டு அடிக்க மாமா எனக்குப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிருந்தாரு. பிரேம் போடறதுக்கு முன்னாடி."

பார்த்தேன். ஆறு படிக்குக் கீழே ஏழாவது படி இருந்தது. மற்றவை மாதிரி ஒடுக்கமாக இல்லை. கட்டில் அகலத்துக்குத் தெரு வரைக்கும் நீண்ட ஒரே கல். அதன் வலது ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், என் கட்டைவிரல் உயரம் கூட இருக்காது. ஒரு காலை நீட்டி, முழங்காலில் கையை வைத்து, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் விட்டு, தலையைச் சாய்த்துத் தெருவைப் பார்த்துக்கொண்டு.

"அத்தைப்பா" என்றாள் மகள்.

அக்காவுக்கு முழங்கால் வலி. தினமும் சாயங்காலம் மச்சானின் பஸ் வரும்வரை அந்தப் படியில்தான் உட்கார்ந்திருப்பார். தேவாலயத்துக்குள்ளே ஒருநாளும் போனதில்லை. பஸ் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். இந்தக் காட்சியை நானே நூறு தடவை பார்த்துவிட்டு, "என்னக்கா, மச்சானுக்கு வழி தெரியாதா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

படத்துக்குக் கீழே என் மகள் அடித்த சீட்டு ஒட்டியிருந்தது. மச்சான் வைத்த தலைப்பு: காத்திருப்பு. கட்டடம் யாருக்காகக் காத்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மனைவி வந்து போனை வாங்கினாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அண்ணியைப் பார்க்கிறாளா, அண்ணனைப் பார்க்கிறாளா, என்னைப் பார்க்கிறாளா தெரியவில்லை.

"வெட்டுன துண்டு எங்க?" என்றாள்.

"கடையில இருக்கும்."

இருக்கும் என்றுதான் சொன்னேன். எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை.

*

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வெட்டி விழும் தாள் நல்ல தாளாக இருந்தால் குப்பையில் போட மனசு வராது. துண்டு போட்டு ஒரு தகரப் பெட்டியில் வைத்துக்கொள்வேன். வெள்ளைப் பக்கத்தில் வாடிக்கையாளரின் ஆர்டர் எண்ணை எழுதி, மறுபக்கம் மேல் ஓரத்தில் கொஞ்சம் பசை தொட்டு, பிரேமின் முதுகில் ஒட்டிவிடுவேன். சிக்கனம் என்று ஊரில் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

மச்சானின் தாள் தடித்த, அருமையான தாள். நாலு சீட்டு வந்தது.

மூன்று பேருமாகக் கடைக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்ததில் இரண்டு கிடைத்தன. இரண்டிலும் வெறும் கல், சாயங்கால வெயில் விழுந்த கல். மூன்றாவது, நீச்சல் போட்டியில் ஜெயித்த ஒரு குழந்தையின் சான்றிதழுக்குப் பின்னால், இன்னும் யாரும் வாங்கிப் போகாமல் அலமாரியில் இருந்தது. மகள் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை உரித்தாள்.

நீட்டிய கால் ஒன்று வந்தது. பக்கத்தில் ஒரு செருப்பு. முழங்காலோடு சீட்டு முடிந்துவிட்டது. ஆக, அக்காவை நான் ஒரு தடவை வெட்டவில்லை, இரண்டு தடவை வெட்டியிருக்கிறேன்.

நாலாவது சீட்டை ஆர்டர் புத்தகத்தில் தேடினேன். பல் டாக்டரம்மாவின் பட்டச் சான்றிதழ். முந்தாநாள் கொடுத்தாகிவிட்டது.

"பசை எங்க வைப்பீங்க?" என்றாள் மனைவி.

"மேல் ஓரத்துல."

"வெள்ளைப் பக்கமா, வர்ணப் பக்கமா?"

"வர்ணப் பக்கம்."

"அந்தச் சீட்டுல மேல் ஓரத்துல என்ன இருக்கு?"

போனில் இருந்த போட்டோவை நான் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. தெருவைப் பார்த்துச் சாய்ந்த தலை.

"கறைன்னுதான் நெனச்சேன்" என்றேன். "ஓரத்துல தூரிகையைத் துடைப்பாங்க இல்லையா, தொழில்ல இது சகஜம்..."

"எத்தனை வருஷமா கறை பாக்கறீங்க?"

"முப்பது."

"எந்தக் கறையாவது செருப்பைக் கழட்டி வச்சிருக்கா?"

மகள் ஈரத்துணியை மடித்தாள். மறுபடியும் பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"ஆள் மாதிரிதான் இருந்துச்சு" என்றேன்.

"அப்புறம்?"

"பிரேம் சரியா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும். வேறு சட்டம் செய்ய வேண்டுமென்றால் மரம் அறுக்க வேண்டும், மூலை சேர்க்க வேண்டும், ஒரு நாள் வேலை. கண்ணுக்கு ஆள் என்று தெரிந்தது. கைக்குக் கறை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஆளை வைத்திருந்தால் கெட்டுப் போயிருக்கும் என்று மைக்கில் முழங்கினேனே, அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

மனைவி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். பேசி முடித்து என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு லீவாம். நாளைக்குப் பத்து மணிக்குத் தொறப்பாங்களாம்."

"நல்லது. பிரேமைக் கழட்டி..."

"கழட்ட முடியாதாம். டைல்ஸ் சுவரு, ஆணி எறங்கலையாம். பின்னாடி முழுக்க பசை டேப் போட்டுச் சுவத்தோட அப்பிட்டாங்களாம். புயலே வந்தாலும் அசையாதுன்னு பெருமையாச் சொல்றாங்க."

*

மச்சான் வீடு இரண்டு தெரு தள்ளி. மூன்று சீட்டையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் தேவாலயம்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மின்கம்பியின் நிழல் சுவரில் வளைந்து வந்தது. குழாய் இறங்கியது. படிகள் இறங்கின. எல்லாம் சேர்ந்து அந்த அகலக் கல்லின் வலது ஓரத்துக்கு வந்து நின்றன. காலையில் நான் விளக்கிய வழியேதான், ஒன்றும் தப்பில்லை. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் சுவரையும் கம்பியையும் குழாயையும் பாசியையும் வரைந்தது, பார்க்கிறவனை அந்த ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு வரத்தான்.

மச்சான் அறையில் பழைய வரைபட மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ளே."

நான் உட்காரவில்லை. சீட்டுகளை மேசையில் வைத்தேன். அவர் அளவுகோலை எடுத்து மூன்றையும் வரிசையாகச் சேர்த்தார். கல், கல், நீட்டிய கால். அதற்குப் பிறகு மேசை.

"நாலாவது?"

சொன்னேன். பல் டாக்டரம்மா, டைல்ஸ், டேப், பசை, பசை வைத்த இடம், எல்லாவற்றையும். குழாய் உடைந்த தகவலைக் கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"விடுங்க மாப்ளே" என்றார். "உங்களைச் சொல்லி என்ன. எனக்கு மனுஷங்களை வரைய வராது. கறை மாதிரிதான் இருந்திருக்கும்."

கதவைத் திறந்தே வைத்துவிட்டார். ஆமாம் மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வந்ததும் கிட்டத்தட்ட அதைத்தான். தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது.

மேசை மேல் அந்தச் செருப்பு இருந்தது. ஒரு பயறு அளவு. வார் கூட வரைந்திருந்தார்.

"இல்லை மச்சான். ஆளுன்னு தெரிஞ்சுது."

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "என்ன?"

"யாரோ உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சுது."

"ஆளுன்னா... நெஜமாவா?" அவர் எழுந்தேவிட்டார். "டீச்சரம்மா மூட்டைன்னாங்க மாப்ளே! குதிரைக்காரரு, நாய் படுத்திருக்கு, நல்லா வந்திருக்குன்னாரு. நீங்க ஆளுன்னு பாத்தீங்களா? பொம்பளைன்னு?"

"பொம்பளைன்னுதான்."

"கால் நீட்டியிருக்கறது?"

"அதுவும் தெரிஞ்சுது."

மச்சான் சிரித்தார். பதினாலு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன். அக்காவை ஆள் என்று தெரியும்படி வரைந்துவிட்டதற்கு மச்சானுக்குக் கிடைத்த முதல் சாட்சி நான். என்னைத் தவிர வேறு யாராவது அந்தச் சாட்சியாக இருந்திருக்கக் கூடாதா?

தொட்டியில் தண்ணீர் இறங்குவது போல அந்தச் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"தெரிஞ்சும் வெட்டிட்டீங்க."

"ஆமா மச்சான்."

"ஏன்?"

"பிரேம் மூணு விரல் கம்மியா இருந்துச்சு."

மச்சான் மறுபடி உட்கார்ந்தார். மேசையில் இருந்த மூன்று சீட்டுக்கும் மேல் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து மூடினார், காற்றில் பறந்துவிடாமல். நாலாவது சீட்டுக்கான இடத்தையும் சேர்த்தே மூடினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?"

"பத்து."

"நான் ஒன்பதரைக்கே வந்துடறேன். அவளை நான் எடுத்துக்கறேன். நீங்க சுவத்தைப் புடிச்சுக்குங்க."

வாசல் வரைக்கும் கூட வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

"மாப்ளே."

"மச்சான்?"

"கட்டரைக் கடையிலயே வச்சிட்டு வாங்க."